பச்சை திரும்பிய படம்

பெரம்பலூர் ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர் திரையில் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கலர் போட்டோ ஒன்று விரிந்திருக்கிறது. மற்ற சாயங்கள் வெளுத்துப்போய் எல்லாமே ஒரே சிவப்பு. நடுவில் நாற்காலியில் பண்ணையார், பின்னால் புது டிராக்டர், அதன் ஓரத்தில் வெற்றுடம்போடு முதுகு காட்டி நிற்கிற கூலியாள். பாதி திரும்பிய அந்த முகம், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஸ்டுடியோக்காரன் வீரமணியின் அப்பா சாமிதுரையுடையது. சாகும்வரை, குளிக்கும்போதுகூடப் பனியனைக் கழற்றாத மனிதர்.

"தாத்தா நூற்றாண்டுக்கு வூட்டு வாசல்ல வைக்கணும்," என்கிறார் பண்ணையாரின் பேரன், போனிலிருந்து தலையைத் தூக்காமல். "அப்பல்லாம் மொதலாளி, ஆளுன்னு பேதமே இல்லைங்க. ஒண்ணா நின்னு எடுத்திருக்காங்க பாருங்க. மடியில இருக்கிற கைத்தடி பளிச்சுன்னு வரணும்."

வீரமணி மவுஸை நகர்த்துகிறான். சிவப்பு கொஞ்சங்கொஞ்சமாக வடிகிறது. வேட்டி வெளுக்கிறது, டிராக்டர் நீலமாகிறது. அப்பாவின் முதுகில் குறுக்கே ஓடும் ஏழு கோடுகளில் மட்டும் சிவப்பு போகவே இல்லை. பண்ணையாரின் மடியில் கிடக்கும் கைத்தடியில் பச்சை ஏறுகிறது. அது கைத்தடி இல்லை; அப்போதுதான் ஒடித்த புளிய விளார், நுனியில் இலைகூட உதிரவில்லை. வாடிக்கையாளர்களின் மரு, தழும்பு எல்லாவற்றையும் தேய்த்து மறைத்தே பழகிய கை, அந்த ஏழு கோடுகளையும் ஒவ்வொன்றாகக் கூர்மையாக்குகிறது.

"தெளிவா வந்துருமா?"

"எட்டடிக்குப் போடுறேன் சார். பஸ்ஸுல போறவங்களுக்கும் தெரியும்," என்று சொல்லி, வீரமணி பிரிண்ட் கொடுக்கிறான்.