முழு நிமிடம்

ஜெல் கிடைக்காததால் டொக்டர் கனகலிங்கம் கஞ்சித் தண்ணீர் பூசித்தான் ஸ்கான் படிப்பித்தார். ஆஸ்பத்திரியில் மின்சாரம் இல்லை; மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் ஜெனரேற்றரும் நாளுக்கு அரை மணித்தியாலம்தான் ஓடும். நிபுணத்துவப் பயிற்சியில் இருந்த டொக்டர்கள் சபாநாதனும் அருமைத்துரையும் மாறிமாறித் தங்கள் வயிறுகளிலேயே பழகினார்கள்.

அன்று படுத்திருந்தவர் அருமைத்துரை. ஈரலைத் தேடிய சபாநாதனின் கை நின்றது.

"சேர், இதிலை ஒரு பிள்ளை தெரியுது. எட்டு மாசம் இருக்கும். துடிப்பு இல்லை."

கனகலிங்கம் திரைக்குக் கிட்டக் குனிந்தார். போன மாதம் எட்டு மாதக் கர்ப்பிணியாக வந்த குருநகர்த் தங்கமுத்துவுக்கு அவர் சொன்னதும் அதேதான். எண்ணெய் முடிகிற அவசரத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, துடிப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அதனால் பிள்ளையைக் காப்பாற்ற ஒருவரும் அவசரப்படவில்லை. மறுநாள் பிறந்த பிள்ளை ஒரு தரம் அழுதுவிட்டுத்தான் அடங்கியது. அந்த அழுகையை அவர் வார்ட்டு வாசலில் நின்று கேட்டார்.

"கையை எடுக்காதையும். ஒரு நிமிஷம் முழுக்கப் பாரும்," என்றார்.

மணிக்கூட்டைப் பார்த்து எண்ணத் தொடங்கினார். இருபதில் ஜெனரேற்றர் நின்றது. விளக்கு அணைந்தது. திரை அணையவில்லை.

நாற்பத்தொன்றில் சபாநாதன் மெல்லச் சொன்னார்: "ஓம் சேர், இப்ப துடிக்குது."