ஜனவரி வரை ஒருவரும் அசையக் கூடாது

"ஜனவரி வரைக்கும் எந்த வீட்டுலேருந்தும் ஒரு விண்ணப்பம்கூடப் போகக் கூடாது!"

பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் மேஜைமேல் ஏறி நின்று கத்தினார் காஸ் வோய்டக். பென்சில்வேனியாவில் மூடிக்கிடக்கும் எங்கள் எஃகு ஆலையின் பழைய தொழிற்சங்கத் தலைவர்.

எதிரே, பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் பதினோரு பேர்.

"மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பல்கலைக்கழகம் என்ன பண்ணுது? நவம்பர் ஒண்ணாம் தேதிக்குள்ள போட்டவங்களுக்கே பாதி இடத்தைக் கொடுத்துடுது. பணக்காரன் நுழையறதுக்குன்னே வெச்ச கொல்லைவாசல். நாம அதுல போகலாமா?"

"கூடாது!"

"எல்லாரும் ஒண்ணா ஜனவரியில முன்வாசல் வழியாப் போவோம். தூக்குங்க கையை!"

பதினோரு கைகளும் உயர்ந்தன.

"டிசம்பர்ல மான் வேட்டை சீசன் முடியாம எங்க வீட்டுல எவன் காகிதத்தைத் தொட்டான்? நீ சொல்லணுமா காஸ்?" சிரித்தாள் லொரெட்டா பாவ்லிக். "உனக்கென்னப்பா, அனுப்பப் பிள்ளையா குட்டியா!"

மாணவர் ஆலோசகர் மிஸ் ஹான்லன் மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"சம்பளம் வாங்கறாளே, வாயைத் திறந்தாளா பாரு" என்றார் ஒருவர்.

டிசம்பர் நடுவில் லொரெட்டா, காஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு தட்டு பியரோகிக் கொழுக்கட்டை.

"கோவிச்சுக்காதே காஸ். எங்க ட்ரீனாவுக்கு இடம் கிடைச்சிருச்சு."

"அதெப்படி? ஜனவரியே இன்னும் வரலையே!"

லொரெட்டா தட்டையே பார்த்தாள்.

"எல்லாரும் சும்மா இருப்பாங்க, வரிசை காலியா இருக்குமேன்னு... அக்டோபர்லயே போட்டுட்டோம். வெளியில சொல்லிடாதே. பாவம், மத்தவங்க உன் பேச்சை நம்பிக் காத்துக்கிட்டிருக்காங்க."

"துரோகி!"

தட்டை வாங்கிக்கொண்டு கதவை அறைந்து சாத்தினார் காஸ்.

உள்ளே சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார் மிஸ் ஹான்லன்.

"இவங்களோட சேர்த்து நாலு பேருக்கு இடம், மிஸ்டர் வோய்டக்! பத்து வருஷமா ஒருத்தருக்கும் கிடைக்காத ஊரு இது."

"போட்டது எத்தனை பேரு?"

"பதினோரு பேரும்! ஒவ்வொருத்தரா என் அறைக்கு வந்து, 'யாருக்கும் தெரிய வேணாம் மிஸ்'னு கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க."

"மிச்சம் ஏழு?"

"மூணு பேரை ஜனவரியில போடறவங்களோட சேர்த்து மறுபடி பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க. நாலு பேருக்கு இல்ல. வேற இடங்களுக்கு ஜனவரி இருக்கே, போட வெச்சிடறேன்."

மிஸ் ஹான்லன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"போன வருஷம் நான், 'நவம்பருக்குள்ள போடுங்க'ன்னு வீடு வீடாப் போய்க் கெஞ்சினேன். ஒரு ஆள் அசையலை. போடாதேன்னு சொன்னா போடுவாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

காஸ் ஒரு கொழுக்கட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நாப்பது வருஷம் வேலைநிறுத்தம் நடத்தினவன்மா நான். ஒவ்வொரு தடவையும் கருங்காலிங்களாலதான் தோத்தேன். சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது அவங்களை வெச்சு ஜெயிக்க வேணாமா?"