சதுப்பில் ஒரு முதலை

"மொதலைய யாருங்க தொடப் போறாங்க?" என்று கேட்டார் முதலை பிடிப்பவர். சுருட்டிய கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, சதுப்பின் கரையில் குந்தி ஈர மண்ணைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கிட்டப் போகாதேன்னு சொல்லுவாங்க. ஓடுன்னு சொல்லுவாங்க. தொடாதேன்னா சொல்லுவாங்க?"

அவரை அழைத்து வந்திருந்த பெண்ணுக்கும் அதுதான் புரியவில்லை. ஆனால் அவள் அம்மா அப்படித்தான் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"சதுப்பு... மொதல... தொட்டுடாதீங்க. தொட்டா எல்லாம் போச்சு."

அதற்குப் பிறகு அம்மா பேசவே இல்லை. பிடி மட்டும் விடவில்லை; அம்மா போய்ச் சேர்ந்த பிறகும், பல் துலக்கும்போதுகூட மகளின் மணிக்கட்டில் அது இருந்தது.

அன்றிலிருந்து சதுப்பு பழைய சதுப்பாக இல்லை. காற்றே இல்லாத மாலையில் தண்ணீரில் ஒரு கோடு நகர்ந்தது. நாணல் தானாக விலகி, தானாக மூடியது. கரையில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோல் குமிழி உடைந்தது.

மதகைப் பார்த்துக்கொள்ளும் மாமா, 'முதலை உள்ளது' என்று சிவப்பில் எழுதிக் கரையில் பலகை நட்டார். ஊரில் ஒருவரும் அந்தப் பக்கம் வருவதில்லை. இடித்த கட்டடக் குப்பையைத் திருட்டுத்தனமாகக் கொட்டிப் போகும் லாரிகள்கூட வேறு இடம் தேடிக்கொண்டன.

"அந்தக் கோடு, விரால் மீனு போடறது. மூச்சு வாங்க மேல வரும்," என்றார் முதலை பிடிப்பவர். "குமிழி, அடியில இலை அழுகி வர்ற வாயு. நாணலுக்குள்ள நீர்க்கோழி குடும்பமே இருக்கு. மொதலை இருந்தா கரையில வெயில் காயும், வயித்த இழுத்த தடம் கிடக்கும். ஒண்ணும் இல்ல."

"அப்ப எங்கம்மா பொய் சொன்னாங்களா?"

"சாகப் போற நேரத்துல யாரும் பொய் சொல்ல மாட்டாங்க," என்றவர் சட்டென்று தண்ணீரை விட்டு விலகி எழுந்தார். "அதான் எனக்கும் உதறுது."

மாமா முடிவு செய்துவிட்டார். "சுத்தி இரும்பு வேலி போட்டுடுவோம் பாப்பா. அக்கா கடைசியா சொன்ன சொல்லு."

வேலிக்குப் பணம்? சதுப்பு நிதி இருந்தது. பெருமழையைச் சதுப்பு பஞ்சுபோல் குடித்து, பிறகு மெல்ல ஊர்க் கிணறுகளுக்கு விடும். அதற்கு மதகைப் பழுது பார்க்க வேண்டும், ஆகாயத்தாமரையை அள்ள வேண்டும். வருடா வருடம் செலவு. வருடா வருடம் வசூலுக்கு அலைய முடியாது என்று அம்மா ஒரு வழி செய்தாள். வீட்டுக்கு வீடு ஒரே ஒரு முறை வாங்கி, வங்கியில் போட்டாள். அதில் விளையும் வட்டி மட்டும் சதுப்புக்கு. போட்டது அப்படியே கிடக்கும், எல்லாக் காலத்துக்கும்.

வேலிக்கு வட்டி காணாது.

"மொத்தத்தையும் எடுத்துட்டா அப்புறம் மதகுக்கு என்ன மாமா பண்றது?"

"நாளைக்கு ஒரு குழந்தைய இழுத்துட்டுப் போனா என்ன பண்றது?"

வாசலில் அம்மாவின் ரப்பர் பூட்ஸ், இப்போதுதான் கழற்றியதுபோல் நின்றிருந்தது. மகள் அதைப் பார்க்காமல் தாண்டி, மாமாவோடு வங்கிக்குப் போனாள்.

வங்கி அதிகாரி உடனே பேனாவை நீட்டவில்லை. "நல்லா யோசிச்சீங்களாம்மா? எல்லாத்தையும் எடுத்துட்டா அடுத்த வருஷம் சதுப்புக்கு ஒரு பைசா வராது. வட்டிய மட்டும் எடுத்துக்குங்க. மொதல விட்டுடுங்க."

மகள் பேனாவுக்கு நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "மொதலைய விடறதா? அதுக்குப் பயந்துதானே சார் வேலியே போடறோம்!"

அதிகாரி அவளையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"உங்கம்மா இதே நாற்காலியில உக்காந்து, ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத்தான் போவாங்க. 'சார், எனக்கு அப்புறம் எங்க ஆளுங்களே வந்து கேட்டாலும் சதுப்பு மொதலத் தொட விட்டுடாதீங்க. தொட்டா எல்லாம் போச்சு.'"

மகளின் மணிக்கட்டில் இத்தனை நாள் இருந்த பிடி, மெல்லத் தளர்ந்து விலகியது.

மாமாவுக்குத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. "அப்ப... சதுப்புல மொதலையே இல்லையா?"

"இல்ல மாமா."

"அட, தெருத்தெருவா சொல்லி வெச்சிருக்கேனே! இப்பவே போயி அந்தப் பலகையப் பிடுங்கிப் போட்டுடறேன்."

மகள் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அம்மாவின் அதே பிடி.

"பலகை நிக்கட்டும் மாமா. நமக்கு மொதல், லாரிக்காரனுக்கு மொதலை."