மறைப்பில்லாத ஓட்டு

1980 மே 26, திங்கள், காலை பத்தேகால். தென்காசியில் முன்சாரல் தூறிக்கொண்டிருந்தது. தேர்தல் பணிக்குச் செல்வோர் தபால் ஓட்டுப் போட, பள்ளிக்கூட அறையில் ஒரே ஒரு பெஞ்சு கிடந்தது.

குமாஸ்தா கணபதிசுப்பிரமணியனை ஒட்டி ஏட்டு சங்கிலிப்பாண்டி வந்து அமர்ந்தார். ஏட்டின் அண்ணன் வேட்பாளர். கம்பெடுக்கத் தயங்காத குடும்பம். எதிர்த்து நிற்பவர் குமாஸ்தாவின் அக்கா வீட்டுக்காரர்.

“ஓட்டுச்சாவடின்னா ஒரு மறைப்பாவது இருக்கும்,” என்றார் குமாஸ்தா.

“நமக்குள்ள என்ன மறைப்பு, சாமி?” என்ற ஏட்டின் கண்கள் குமாஸ்தாவின் முகத்தை விட்டு அகலவில்லை.

வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார். ஊரில் குடியிருக்க வேண்டாமா? குமாஸ்தா ஏட்டின் அண்ணனுக்கே குறியிட்டார். அது தெரியும்படி சீட்டைச் சற்றே சாய்த்துப் பிடித்துவிட்டு, உறையிலிட்டு ஒட்டினார்.

ஏட்டு அதைப் பார்க்கவேயில்லை. தம் சீட்டைக் குமாஸ்தாவின் மூக்கருகே நீட்டினார்.

“நல்லாப் பாத்துக்கிடுங்க, சாமி. உங்க அத்திம்பேருக்குத்தான் போட்டிருக்கேன். அவுக செயிச்சு என்னைய வேற ஊருக்கு மாத்திப்புடாம நீங்கதான் சொல்லணும். எங்க அண்ணாச்சிக்கு மட்டும் தெரியப்படாது.”

குமாஸ்தா ஒட்டிய உறையைத் தடவிப் பார்த்தார்.

“ஏட்டையா, என் ஓட்டும் எங்க அக்காவுக்குத் தெரியப்படாது.”

இருவரும் தபால் ஓட்டுக்கான உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு அதிகாரியிடம் நீட்டினார்கள்.