ஏழு மணி ஜெபமாலை

"எங்க வீட்டுல ஏழு மணி ஆனா ஜெபமாலை தப்பாது சாமி. பிள்ளைக்கு விசுவாசத்தப் பெத்தவங்கதான் ஊட்டணும். ஞாயித்துக்கெழம மறைக்கல்வி வகுப்ப மட்டும் நம்பி இருந்தா ஆவாது" என்றார் மரியலூர்து. மஞ்சக்குப்பத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்கு அவர்தான் தலைவர்.

பங்குச் சாமியார் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அதுக்குத்தான் வந்தேன். இந்த வாரம் பூசை முடிஞ்சதும் பெத்தவங்ககிட்ட நீங்களே இதச் சொல்லணும்."

மரியலூர்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகளைக் கூப்பிட்டார். "பெலிசியா, சாமிக்கு ஜெபமாலை சொல்லிக் காட்டும்மா."

சுவரில் உயரத்தில் இருந்த மாதா பீடத்துக்குக் கீழே பெலிசியா முழங்காலிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபமாலையின் ஐந்து மறையுண்மைகளில் முதலாவதில் ஒரு சொல் பிசகவில்லை. இரண்டாவதிலும் பிசகவில்லை. சாமியார் தலையை ஆட்டி ரசித்தார்.

பெலிசியா கூப்பிய கையை எடுக்காமல், அதே பக்தியோடு தொடர்ந்தாள்.

"தங்க நகைகளுக்குச் செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை. சலுகை சில நாட்களுக்கு மட்டுமே."

"இது என்னாம்மா?" என்றார் சாமியார்.

"விளம்பரம் சாமி. அப்பா போன்ல போட்டு வெக்கிற ஜெபமாலையில இங்கதான் வரும்."

"அதத் தள்ளிட்டு மூணாவதச் சொல்லேண்டி" என்று அம்மா புஷ்பமேரி பல்லைக் கடித்தாள்.

"எப்பிடிம்மா தள்றது? போனு பீடத்து மேல இருக்கும், எனக்கு எட்டாது. நீங்க ரெண்டு பேரும் உள்ள சீரியல் பாத்துக்கிட்டு இருப்பீங்க."