சிரித்த முகம்

எங்கள் ஊரில் அடையாள அட்டைக்குப் படமெடுப்பவன் நான். எவரையும் சிரிக்க வைத்துவிடுவேன். என் தொழிலில் எனக்கு ஒழுங்காக வருவது அது ஒன்றுதான். மாதப்பனும் சிரித்தான். வேறொரு மாதப்பனைத் தேடிய போலீஸ், இவன் படத்தைத் 'தேடப்படும் தீவிரவாதி' என்று சுவரெங்கும் ஒட்டியது. பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தவன், "அது நானில்லீங்க" என்று சொல்லத் தானாகவே ஸ்டேஷனுக்குப் போனான்.

"போட்டோவுல என்னடா இளிப்பு?" என்று முன்பல்லை உடைத்து அனுப்பினார்கள்.

அதன்பிறகுதான் காட்டுக்குள் இருந்த தீவிரவாதிக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தான், சுவரொட்டியைப் பொய்யாக்க வேண்டாம் என்பதுபோல.

நேற்று அவன் அம்மா கெம்பம்மா, இளையவளை அழைத்துவந்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். கேமராவைத் தூக்கிய என்னைக் கும்பிட்டாள். "அண்ணா, இவளச் சிரிக்க மட்டும் வெச்சிராதீங்க."

நான் வாயே திறக்கவில்லை. என் மூஞ்சியைப் பார்த்தே அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.