ஜன்னல் இடுக்கு

மழைக்கு இருட்டிக்கொண்டு வருகிறது. கொத்தனார் வராமல் பாதியில் நின்றுபோன ஜன்னலைத் தானே முடித்துவிடுவதென்று நூம்பலில் உள்ள தன் வீட்டில் ஸ்டூல்மேல் ஏறி நிற்கிறார் பெனிட்டோ. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஒப்புக்குப் பூசியிருந்த சிமென்ட், ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதுமே பொலபொலவென்று உதிர்கிறது. உள்ளேயிருந்து நசுங்கிய டீ கப், பீடித்துண்டு, பாக்குப் பொட்டலம், எச்சில் காய்ந்த பேப்பர் உருண்டை என்று ஒவ்வொன்றாகக் கீழே விழுகின்றன. புளித்த வாடை குப்பென்று வருகிறது. விரலில் ஒட்டிய கொழகொழப்பைச் சுவரிலேயே தேய்க்கிறார். "இன்னாங்க இது, செவுத்துக்குள்ள குப்பத்தொட்டியே வச்சிக்கீறான்." ஸ்டூலைப் பிடித்திருக்கும் மனைவி ரெனிதா, சொல்லிக்கொண்டே நைட்டிமேல் போட்ட துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். "மனுசனா அவன். த்தூ," என்றபடி பெனிட்டோ சிமென்ட் கலவையை அள்ளி இடுக்கில் அப்புகிறார். பின்னால் பிடிமானம் இல்லாமல் அது அப்படியே தெருப்பக்கம் தொப்பென்று விழுகிறது. மறுபடி அப்புகிறார். மறுபடியும் விழுகிறது. முதல் சாரல் இடுக்கு வழியே முகத்தில் அடிக்கிறது. பெனிட்டோ திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் கீழே நீட்டுகிறார். "அந்தக் கப்ப எடு. பேப்பரையும் குடு."